விழுந்தவருக்குப் பட்டம் இல்லை

மாசான் அரசு மருத்துவமனைக்கு எதிரே எங்கள் பூக்கடை.
வளையம் கட்டுவது என் கணவர்.
நாடாவில் எழுதுவது நான்.
வெள்ளைப் பட்டு, கறுப்பு மை,
வலப்பக்கம் அனுதாபம், இடப்பக்கம் அனுப்பியவர்.
பெயரைவிடப் பட்டம்தான் எப்போதும் நீளம்.

செவ்வாய்க்கிழமை, கடை திறக்கும் முன்பே தொலைபேசி.
சாங்வோனிலிருந்து ஒரு பயிற்சிக்கூடம்.
"நிறுவனர் தக் சங்-மொக். நிறுவனர் என்பது தூரத்திலிருந்தும் தெரியணும்."
எழுதினேன். மை காய்வதற்குள் தேகு:
"மூல நிறுவனர் குக் யொன்-பால்."
பத்து மணிக்கு, "மூலவருக்கும் குருவான" என்று ஒருவர்.
மதியம் சிக்காகோ. அங்கே நள்ளிரவு நெருங்கியிருக்கும்.
"ஒரே உண்மையான முதல் ஆதி நிறுவனர்."
நாடா போதாது ஐயா, என்றேன்.
"அப்படியானால் அனுதாபத்தைச் சின்னதாக்கு."

இத்தனைக்கும் இறந்தவர்
துளைபோட்ட நிலக்கரி வில்லை விற்றவர்.
ஓக் பான்-சொக், வயது தொண்ணூற்றொன்று.

வளையங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனேன்.
வாசலுக்கு நெருக்கமாக எது என்பதில் முதல் சண்டை.
பிறகு சூடான மாட்டிறைச்சி ரசத்தின் முன் உட்கார்ந்து
கலை எங்கே பிறந்தது என்று தொடங்கினார்கள்.
ஜப்பானில், ஒரு பிரபு வீட்டில்,
விளக்கேற்றும் வேலைக்காரப் பையன் கதவிடுக்கில் பார்த்துக் கற்றதாம்.
இல்லை, மலைமேல் பெயரில்லாத ஒரு பிக்கு.
இல்லவே இல்லை, ஈராயிரம் வருடம்,
அரசர் கல்லறைச் சுவரில் ஓவியம் இருக்கிறது, போய்ப் பார்.
கலையின் பெயரிலேயே மூன்று அசை;
ஆளுக்கொரு அசையை மாற்றிப் போட்டுப்
பதிவு அலுவலகத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

நதிமூலம் ரிஷிமூலம் கேட்காதே என்பார்கள்.
இவர்களை யாரும் கேட்கவேயில்லை.

அப்போது மகள் மல்-ஜா
ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள்.
நான்கு புகைப்படங்கள்.
அதே அரிசி ஆலை முற்றம், அதே நனைந்த வைக்கோல் பாய்.
தூக்கி எறிபவர் ஒவ்வொன்றிலும் வேறு ஆள்.
ஒன்றில் முகம் திரும்பியிருக்கிறது,
ஒன்றில் யாரோ பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள்.
எறியப்படுபவர் மட்டும் நான்கிலும் ஒருவரே.
கால்கள் ஆகாயத்தில், ஒரு ரப்பர் செருப்பு கழன்று,
காலுறையில் பெருவிரல் ஓட்டை.

மூக்குக்கண்ணாடிகள் வெளியே வந்தன.
"இது நான்." "இது நான்தான், தோளைப் பார்."
விழுகிறவரை யாரும் தேடவில்லை;
அவர்தான் ஏற்கெனவே கிடைத்துவிட்டாரே,
கறுப்பு நாடா கட்டிய சட்டகத்தில், ஊதுபத்திக்குப் பின்னால்.
குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவர்கள் சுற்றிலும்.
அத்தனை மண்ணும் அந்த ஒரு முதுகில்.

குக் யொன்-பால் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு தன் வலக்கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.
"எனக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது.
அவன் இடப்பக்கம் சாய்ந்தான்.
அதனால் இடப்பக்கம் திருப்பினேன்."
யாரோ சோஜு ஊற்றினார்கள்.
தக் சங்-மொக் இருமினார்.
மறுநாள் காலை, அப்படியொன்றும் தான் சொல்லவில்லை என்றார் குக்.

மல்-ஜா என்னிடம் ஒரு நாடா கேட்டாள், குடும்பத்தின் பெயரில்.
அப்பாவுக்கு ஏதாவது பட்டம் போடட்டுமா என்றேன்.
யோசித்தாள்.
"வில்லைக் கடை" என்றாள். பிறகு,
"அதுவும் வேண்டாம். கடையை மூடி முப்பது வருடமாச்சு."

மூன்றாம் நாள் வளையங்கள் திரும்பி வந்தன.
வாடாத சாமந்திகளைத் தனியே எடுத்து வைத்தோம்,
மாலையில் இன்னொரு சாவு.
நாடாக்களை நான் கழற்றினேன்.
ஒன்பது முதல்வர்கள்
ஒரே குப்பைப் பையில்,
யார்மேல் யார் என்று பார்க்காமல்
அமுக்கி, வாயைக் கட்டினேன்.